ட்ரம் கோர் பித்தளை ஆசிரியர்கள்: உங்களை ஊத வைத்தவர் யார்?

வாசகர் கேள்வி, ஜனவரி 9

"ட்ரம் கோர் உலகத்தில் பெரிய பித்தளை ஆட்கள் என்று கொண்டாடப்படுகிறவர்கள் எல்லாருமே இசையை எழுதியவர்கள்தான். ஜிம் ஓட், வேய்ன் டவுனி, ஜிம் ப்ரைம், எல்லாரும் அரேஞ்சர்கள். நல்ல இசையைக் கையில் கொடுத்தால் பிள்ளைகள் தானாக வாசித்துவிடுவார்கள். வெறும் பயிற்சியாளராக இருந்து ஒரு கோரின் ஒலியையே மாற்றியவர் யாராவது உண்டா? இருந்தால் சொல்லுங்கள்."

ஜனவரி 9, இரவு

உண்டு, நிறையவே உண்டு. பெயர் வெளியே தெரியவில்லை என்பதற்காக ஆளே இல்லை என்று ஆகிவிடாது.

நான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இல்லினாய் பக்கம் ஒரு சின்ன கோரில் கான்ட்ரா என்ற அடி ஸ்வர வாத்தியம் ஊதியவன். அந்த கோர் இப்போது இல்லை, பணமில்லாமல் மூடிப் பல வருடம் ஆகிறது. தேசிய இறுதிச் சுற்றுக்குப் போகும் பன்னிரண்டில் நாங்கள் ஒருபோதும் இருந்ததில்லை. ஆனால் நவம்பர் முகாமில் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்த நாற்பது பேர், பிப்ரவரி முகாமில் ஒரே வாத்தியம் மாதிரி ஒலித்ததை நான் நடுவில் நின்று கேட்டிருக்கிறேன். இடைப்பட்ட மாதங்களில் எங்கள் கையில் இருந்த தாள் அதேதான், ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை. மூச்சு எடுக்கிற விதம் மாறியது. பக்கத்தில் நிற்கிறவனைக் கேட்கிற விதம் மாறியது. அதை ஒருவர் எங்கள் முன்னால் நின்று, திரும்பத் திரும்ப நிறுத்தி, பொறுமையாகச் செய்தார். அவரைப் போன்றவர்களைப் பற்றிப் பேசத்தான் எனக்கு ஆசை.

ஜனவரி 10

ட்ரம் கோர் என்றால் என்ன என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். பித்தளை வாத்தியங்கள், தாள வாத்தியங்கள், கொடி சுழற்றும் கார்ட், இவ்வளவுதான். கிளாரினெட், ஃப்ளூட் எதற்கும் இடமில்லை. இருபத்தொரு வயதோடு வாழ்க்கை முடிந்துவிடும், அதை 'ஏஜ் அவுட்' என்பார்கள். கோடை முழுக்கப் பேருந்தில் ஊர் ஊராகப் போய், பள்ளி ஜிம் தரையில் படுத்து, பகலெல்லாம் வெயிலில் பயிற்சி செய்து, இரவில் கால்பந்து மைதானத்தில் பத்துப் பன்னிரண்டு நிமிட நிகழ்ச்சி. நூறு மதிப்பெண்ணுக்கு நடுவர்கள் போடுவார்கள். டிரம் கோர் இன்டர்நேஷனல் என்ற அமைப்பின் முதல் சாம்பியன்ஷிப் 1972-ல் விஸ்கான்சினில் வைட்வாட்டர் என்ற ஊரில் நடந்தது.

பியூகிள் என்றதும் நம் ஊர் என்.சி.சி. அணிவகுப்பில் ஊதுவதை நினைத்துக்கொள்ளுங்கள். விரலால் அழுத்தி ஸ்வரம் மாற்றும் வால்வே கிடையாது. உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் கிடைக்கிற சில ஸ்வரங்கள் மட்டும்தான். முதல் உலகப் போருக்குப் பிறகு முன்னாள் படைவீரர் சங்கங்கள் வளர்த்த கோர்கள் அந்த மாதிரி ஜி சுருதி பியூகிளில்தான் தொடங்கின. அப்புறம் பிஸ்டன் வால்வு ஒன்று, ரோட்டரி வால்வு ஒன்று என்று சேர்ந்தது. 1977-ல் இரண்டு பிஸ்டன் வால்வு, 1990-ல் மூன்று வால்வு, 2000-ல் ஜி சுருதியே கட்டாயமில்லை என்று விதி மாறிக்கொண்டே வந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பழைய பியூகிள் சுருதிக்கு அடங்காத பிறவி. அதை வைத்துக்கொண்டு அறுபது பிள்ளைகளை ஒரே சுருதியில் நிறுத்தியவர்களின் காது எப்படிப்பட்டதாக இருந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். எவ்வளவு நன்றாக எழுதினாலும் எழுத்து அந்த வேலையைச் செய்யாது.

ஜனவரி 12

ஜிம் ஓட் பற்றி. கேள்வியில் அவர் பெயர் 'அரேஞ்சர்' பட்டியலில் வந்ததால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் கமோடோர்ஸ் கோர் வழியாக வந்தவர், எழுபதுகளின் கடைசியில் ஸ்பிரிட் ஆஃப் அட்லாண்டா என்ற கோருக்குப் போனார். அந்த கோர் பிறந்தே அப்போது சில வருடம்தான் ஆகியிருந்தது. பெரிய பாரம்பரியமோ, காத்திருக்கும் பழைய ஆட்களோ இல்லாத இடம். அந்தப் பிள்ளைகளிடமிருந்து அவர் எடுத்த ஒலி இருக்கிறதே, பழைய ஒலிப்பதிவில் கேட்டாலே முடி சிலிர்க்கும். சத்தம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது வெறும் சத்தமாகப் பட்டதே இல்லை. உச்ச இடத்திலும் அடி ஸ்வரம் கலங்காமல் நிற்கும். கத்துகிறவர்களால் அப்படி முடியாது. மூச்சு நிறைய இருக்கிறவர்களால்தான் முடியும்.

1980-ல் கார் விபத்தில் இறந்துபோனார். இன்றுவரை ஒவ்வொரு வருடமும் மிகச் சிறந்த பித்தளைப் பிரிவுக்குக் கொடுக்கும் விருது அவர் பெயரில்தான் இருக்கிறது. இன்று ஆடிஷனுக்குப் போகிற பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் ஒரு கோப்பையின் பெயர். என் தலைமுறையில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அவரைப் பற்றிப் பேசும்போது குரல் கொஞ்சம் இறங்கும். ஏதோ ஒரு இசையை எழுதினார் என்பதற்காக யாருக்கும் அப்படிக் குரல் இறங்காது.

ஜனவரி 12, கொஞ்ச நேரம் கழித்து

இன்னொன்றும் சேர்த்துக்கொள்கிறேன். 'எழுதுகிறவர், சொல்லிக்கொடுக்கிறவர்' என்று கேள்வியில் போட்ட கோடு அந்தக் காலத்துக்குப் பொருந்தவே பொருந்தாது. கையில் யார் இருக்கிறார்களோ அவர்களுக்காக எழுதினார்கள். மேல் ஸ்தாயி பியூகிளான சோப்ரானோவில், மூன்றாவது பாகம் ஊதும் பலமான பையன் இந்த வருடம் ஏஜ் அவுட் ஆகிறான் என்றால் அந்தப் பாகம் மாறும். நடு ஸ்தாயி ஊதும் பாரிடோன் பிரிவு ஜூலையில் நன்றாகத் தேறிவிட்டால் அவர்களுக்கு ஒரு வரி கூடும். முன்னால் நின்று கேட்டவர் கைதான் எழுதியது.

ஜனவரி 14

கெய்ல் ராயர் பெயரை இதுவரை யாரும் சொல்லாதது ஆச்சரியமாக இருக்கிறது. கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாரா வேன்கார்ட் கோர் 1967-ல் தொடங்கியதிலிருந்து இருபது வருடத்துக்கு மேல் அதை நடத்தியவர். இயக்குநரும் அவரே, பித்தளைக்கு இசை எழுதியதும் அவரே. தொழிலில் பள்ளி இசை ஆசிரியர். 1973, 1974, 1978, 1981, 1989 என்று ஐந்து சாம்பியன்ஷிப் அவர் காலத்தில். பள்ளி வாத்தியார் என்பதுதான் இதில் எனக்கு முக்கியம். வகுப்பில் முப்பது சின்னப் பிள்ளைகளில் யாருக்கு உதடு வலிக்கிறது, யார் வெட்கத்தில் ஊதாமல் விரலை மட்டும் அசைக்கிறான் என்று பார்த்துப் பழகிய கண் அவருக்கு இருந்தது. வேன்கார்டின் பழைய பதிவுகளில் மெதுவான இடங்களைக் கேளுங்கள். கூட்டத்தில் ஒளிந்துகொண்டவன் என்று ஒருவன்கூட இருக்க மாட்டான்.

அதே சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில், கொஞ்சம் வடக்கே, கன்கார்டில் ப்ளூ டெவில்ஸ். அங்கே ஜாக் மீஹன், வேய்ன் டவுனி. 1976-ல் முதல் பட்டம் வாங்கியபோது ஜாஸ் வாசிக்கிற கோர் இவ்வளவு துல்லியமாக இருக்க முடியுமா என்று எல்லாரும் வாயைப் பிளந்தார்கள் என்று அந்தக் காலத்து ஆட்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். டவுனி அதற்கப்புறம் பல பத்தாண்டுகள் அங்கேயே இருந்தார். ஒரே ஆள், ஒரே இடம், அத்தனை காலம். அந்த கோரின் ஒலியைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். பிள்ளைகள் இரண்டு மூன்று வருடத்தில் மாறிக்கொண்டே இருக்கிற ஒரு கூட்டத்துக்கு நிலையான ஒலி எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? வருஷா வருஷம் நவம்பரில் முதல் நாளே அதே ஆள் அதே அடிப்படையிலிருந்து தொடங்குகிறாரே, அங்கிருந்துதான்.

ஜனவரி 19

சரி, கேட்டதற்கு நேரான பதில். எழுதாமல், சொல்லிக்கொடுத்தே ஒலியை மாற்றியவர் வேண்டும் என்றால் நான் சொல்வது டானி வான்டோரன்.

எண்பதுகளில் கார்ஃபீல்ட் கேடட்ஸ் 1983, 84, 85 என்று மூன்று வருடம் தொடர்ந்து பட்டம் வாங்கியது. எழுதியது ஜிம் ப்ரைம். பிள்ளைகளை வாசிக்க வைத்தது வான்டோரன். அந்த நிகழ்ச்சிகளில் அவர்கள் ஓடினார்கள், நடக்கவில்லை. ஓடிக்கொண்டே லெனர்ட் பெர்ன்ஸ்டைனின் இசையை ஊதினார்கள். நெஞ்சு குலுங்குகிறபோது நாதம் குலுங்கக் கூடாது என்றால் மூச்சு எங்கிருந்து வர வேண்டும், உடம்பின் மேல் பாதி எப்படித் தனியாக நிற்க வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும்.

பிறகு அதே இருவரும் இண்டியானாவில் ப்ளூமிங்டனுக்குப் போனார்கள். அங்கே ஸ்டார் ஆஃப் இண்டியானா என்ற கோர் 1985-ல் முதல் தடவை போட்டிக்கு வந்து, அந்த வருடமே இறுதிப் பன்னிரண்டில் நுழைந்து, 1991-ல் சாம்பியன் ஆனது. 1993-ல் மிசிசிப்பியின் ஜாக்சனில் நடந்த இறுதிப் போட்டியில் அவர்கள் 97.3, கேடட்ஸ் 97.4. புள்ளி ஒன்றில் தோற்றார்கள். நான் அன்று அரங்கில் இருந்தேன். பார்பர், பார்டோக் என்ற இசையமைப்பாளர்களின் இசையை வாசித்தார்கள். கூட்டத்தில் பாதிப் பேருக்குப் பிடிக்கவில்லை, முகம் சுளித்தார்கள். எனக்கு மட்டும் ஒரே விஷயம் காதில் நின்றது. ஸ்வரம் தொடங்குகிற இடம் தெரியவில்லை. நாக்கு தட்டுகிற ஓசை, மூச்சு முட்டுகிற ஓசை எதுவுமே இல்லாமல், ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருந்ததை யாரோ கதவைத் திறந்து விட்டது போல வந்தது. என் பக்கத்தில் இருந்த எங்கள் கோர் பையன் கையைப் பிடித்துக்கொண்டு "இதை எப்படி ஊதுறாங்க?" என்றான். அந்த வருடத்தோடு ஸ்டார் போட்டியிலிருந்து விலகி, கனேடியன் ப்ராஸ் என்ற பித்தளைக் குழுவோடு மேடைக்குப் போய், கடைசியில் 'ப்ளாஸ்ட்' என்ற மேடை நிகழ்ச்சியாகி 2001-ல் டோனி விருது வரை வாங்கியது.

ஜனவரி 20

மூச்சு என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேனே, அதன் வேர் ட்ரம் கோருக்கு வெளியே இருக்கிறது. ஆர்னல்ட் ஜேக்கப்ஸ். சிகாகோ சிம்ஃபனியில் 1944 முதல் 1988 வரை டியூபா வாசித்தவர். அவருக்கே நுரையீரல் கொள்ளளவு குறைவு, ஆஸ்துமா வேறு. அதனாலேயே மூச்சைப் பற்றி யாரும் யோசிக்காத அளவுக்கு யோசித்தார். அளவுமானிகள், குழாய்கள், பைகள் எல்லாம் வைத்துப் பிள்ளைகளுக்குக் காற்று எப்படி ஓடுகிறது என்று கண்ணால் பார்க்க வைப்பார். ஆனால் அவர் சொன்னதன் சாரம் ரொம்ப எளிது. தசையைப் பற்றி நினைக்காதே, மனதுக்குள் பாட்டு ஓடட்டும், காற்று தாராளமாகப் போகட்டும். மிட்வெஸ்டில் எண்பது, தொண்ணூறுகளில் பித்தளை சொல்லிக்கொடுத்த நல்ல ஆசிரியர்களில் பலர் அவரிடமோ அவர் மாணவர்களிடமோ படித்தவர்கள். அந்த வழியாகத்தான் அது சின்னச் சின்ன கோர்களின் பள்ளி ஜிம் வரை வந்து சேர்ந்தது. எங்களுக்கும் அப்படித்தான் வந்தது.

பிப்ரவரி 2

எங்கள் கேப்ஷன் ஹெட், அதாவது பித்தளைப் பிரிவு முழுவதற்கும் தலைமை ஆசிரியர், அவரைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டீர்கள். பெயர் போட மாட்டேன், அவருக்கு இதெல்லாம் பிடிக்காது.

வார நாளில் நடுநிலைப் பள்ளி பேண்ட் வாத்தியார். முகாம் என்றால் வெள்ளி இரவு மூன்று மணி நேரம் கார் ஓட்டி வந்துவிடுவார். அவர் வாங்கிய சம்பளம் பெட்ரோலுக்குத் தாங்கியிருக்குமா என்பதே சந்தேகம். சனிக்கிழமை காலை நாங்கள் ஜிம்மில் அரைவட்டமாக நிற்போம், அதை 'ஆர்க்' என்போம். நடுவில் டாக்டர் பீட் என்ற தாளக் கருவி டொக் டொக்கென்று அடித்துக்கொண்டிருக்கும். முதல் ஒரு மணி நேரம் வாத்தியத்தைத் தரையில் வைத்துவிட்டு மூச்சு மட்டும்தான். அப்புறம் மவுத்பீஸை மட்டும் வைத்து உதட்டை அதிர வைப்பது. அப்புறம் பாடுவது. எங்கள் பாகத்தை வாயால் பாடத் தெரியாதவன் அன்று ஊத முடியாது. பதினேழு வயதுப் பையன்கள் பாடக் கூச்சப்படுவார்கள். அவர் முதலில் தானே பாடுவார், குரல் சுமார்தான், ஆனால் சுருதி சுத்தம். ஒரு தடவை எங்களில் ஒருத்தன் சிரித்துவிட்டான். அவர் கோபப்படவில்லை. "நல்லா சிரிச்ச, வயித்துலேர்ந்து வந்தது பாரு, அதே காத்தை வாத்தியத்துல விடு" என்றார். அன்று முழுக்க ஒவ்வொரு தடவை மூச்சு தட்டும்போதும் யாராவது ஒருவர் அந்தச் சிரிப்பைச் சிரித்துக் காட்டுவோம், அவரும் சேர்ந்து சிரிப்பார்.

கடைசியில்தான் வாத்தியம். அதுவும் ஒரு ஸ்வரம். கான்ட்ரா அடியைப் பிடிக்கும், பாரிடோன் அதற்கு ஐந்தாவது ஸ்வரத்தை வைக்கும், மேலே மெலோஃபோன் என்ற வாத்தியம் மூன்றாவது ஸ்வரத்தை வைக்கும். பியானோவில் இருக்கிற மூன்றாவது ஸ்வரத்தை அப்படியே ஊதினால் ஒட்டாது. 14 சென்ட் இறக்க வேண்டும், அதாவது அரை ஸ்வரத்தில் ஏழில் ஒரு பங்கு. அவர் எண் எதுவும் சொல்லவில்லை. மெலோஃபோன் பெண்களில் ஒருத்தியை மட்டும் மெல்ல மெல்ல இறக்கச் சொன்னார். ஓர் இடத்தில் காற்றில் இருந்த படபடப்பு சட்டென்று நின்று, யாருமே ஊதாத ஒரு ஸ்வரம் மேலே எங்கோ கேட்டது. அந்தப் பெண் ஊதுவதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தாள். அவர் கையைக் காட்டினார், தொடர்ந்து ஊது என்று.

பிப்ரவரி 3

என் அம்மா ஒரு தடவை என்னை முகாமிலிருந்து அழைத்துப்போக வந்து, ஜிம் வாசலில் கொஞ்ச நேரம் நின்று கேட்டிருக்கிறார். காரில் ஏறியதும் சொன்னது: "என்னடா, நாங்க சுருதிப் பெட்டியைப் போட்டுட்டு உக்காருற மாதிரியேதான் இவரும் பண்றார். பரவாயில்லை, நல்ல வாத்தியார்தான்." அதுவரை கோடை முழுக்க வீட்டை விட்டுப் போக விடவே மாட்டேன் என்று இருந்தவர். அடுத்த கோடையில் சமையல் வண்டியில் தன்னார்வலராக ஒரு வாரம் எங்களோடேயே வந்தார். எலுமிச்சை சாதத்துக்கு பெர்குஷன் பையன்கள் மறுபடி வரிசையில் நின்றார்கள். அது வேறு கதை.

பிப்ரவரி 11

மைதானத்துக்கு வந்தால் ஆர்க்கில் கற்றதில் பாதியை மறக்க வேண்டியிருக்கும், இதையும் ஆசிரியர்தான் சொல்லித்தர வேண்டும். ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகிறது. மைதானத்தின் பின் கோட்டில் நிற்கும் எனக்கும் முன் கோட்டில் நிற்பவனுக்கும் 50 மீட்டர் இடைவெளி என்றால், அவன் ஊதியது என்னிடம் வர 0.15 வினாடி ஆகும். நிமிடத்துக்கு 160 என்ற வேகத்தில் அது ஒரு தாளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். நான் அவனைக் கேட்டு ஊதினால், என் ஒலி திரும்ப அதே தூரம் போய்ப் பார்வையாளர்களைச் சேரும்போது இரட்டிப்பு தாமதம். குப்பையாகிவிடும். அதனால் முன்னால் இருப்பதைக் காதில் வாங்காதே, பின்னாலிருந்து வருவதோடு போ, அதுவும் இல்லையென்றால் முன்னால் நின்று தாளம் காட்டும் ட்ரம் மேஜரின் கையைப் பார் என்பது விதி. 'கேள், கேள்' என்று குளிர்காலம் முழுக்கச் சொன்ன அதே ஆள் ஜூனில் வந்து 'கேட்காதே' என்பார். எப்போது எது என்று எங்களுக்குப் புரிய வைத்ததுதான் அவருடைய பெரிய திறமை என்று இப்போது தோன்றுகிறது.

பிப்ரவரி 24

கத்துகிற ஆசிரியர்களைப் பற்றி ஒருவர் உருக்கமாக எழுதியிருந்தார், 'அந்தக் கண்டிப்புதான் எங்களை உருவாக்கியது' என்று. எனக்கு உடன்பாடில்லை. எங்களுக்கும் ஒரு கோடையில் அப்படி ஒருவர் வந்தார். சோப்ரானோ பிரிவில் ஒரு பையனை எல்லார் முன்னாலும் தனியாக ஊத வைத்து, தப்பும்போதெல்லாம் மட்டமாகப் பேசுவார். அவர் முன்னால் தோள் ஏறும், தொண்டை இறுகும், ஒலி மெலிந்துபோகும். பயந்தவனுக்கு மூச்சு ஆழமாகப் போகாது, உடம்பின் அமைப்பே அப்படி. அந்தப் பையன் ஜூலையில் வீட்டுக்குப் போய்விட்டான், திரும்ப வரவில்லை. நன்றாக ஊதக்கூடியவன். கண்டிப்பு வேறு, இது வேறு. எங்கள் கேப்ஷன் ஹெட் ஒரே எட்டு மாத்திரையை மத்தியானம் முழுக்க வாசிக்க வைப்பார், அது கண்டிப்பு. யாரும் அவமானப்பட்டு நிற்கவில்லை. பழசை நினைக்கும்போது எல்லாவற்றையும் ஒரே பாசத்தில் போட்டுக் குழைக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

மார்ச் 8

இத்தனை நாள் எழுதிக்கொண்டே வந்ததில் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. கேப்ஷன் ஹெட் பற்றி இவ்வளவு எழுதிவிட்டேன், ஆனால் என்னைத் தனிப்பட்ட முறையில் ஊத வைத்தவர் அவர் இல்லை. எங்கள் கான்ட்ரா டெக், அதாவது அந்த ஒரு பிரிவுக்கு மட்டும் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கான்ட்ரா பிரிவுக்குப் பெண் ஆசிரியர் என்பது அந்த நாளில் அரிது, வேறு கோர் ஆட்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

கான்ட்ரா என்பது தோளில் வைத்து ஊதும் பெரிய உருப்படி, பதினைந்து கிலோ அளவுக்கு இருக்கும். முதல் கோடையில் என் ஒலி வெறும் உறுமல். ஒருநாள் ஜூன் வெயிலில், ஒரு பள்ளியின் பின்புறப் புல்வெளியில், அவர் என் தோளிலிருந்து வாத்தியத்தை வாங்கி வைத்துவிட்டு மல்லாந்து படுக்கச் சொன்னார். வயிற்றின் மேல் என் தண்ணீர்க் குடுவையை வைத்தார், பாதி நிரம்பியது. "இதை மேலே தூக்கு, நெஞ்சு அசையக் கூடாது." படுத்தபடி மூச்சு விட்டால் தானாகவே வயிறுதான் ஏறும், குடுவை ஏறி இறங்கியது. அப்படியே எழுந்து நிற்கச் சொன்னார், பேசாமல், அதே மூச்சோடு. ஒரு காகிதத்தைப் பள்ளிச் சுவரில் வைத்து, கை எடுத்தபின் ஊதியே அதைச் சுவரில் ஒட்டி வைக்கச் சொன்னார். முதலில் இரண்டு வினாடியில் விழுந்தது. காற்று ஒரே சீராகப் போகாவிட்டால் காகிதம் சரிந்துவிடும், பலமாக ஊதினாலும் சீக்கிரம் தீர்ந்து விழுந்துவிடும். அங்கேதான் எனக்கு முதல் தடவையாகப் புரிந்தது, காற்றை வேகமாகத் தள்ளுவதும் சீராக விடுவதும் வெவ்வேறு வேலை என்று. அப்புறம் அந்த ஸ்வரத்தைப் பாடச் சொன்னார். அதற்கப்புறம்தான் கான்ட்ராவைத் தோளுக்குத் தூக்கிவிட்டார்.

ஆனால் என்னை நிஜமாக மாற்றியது அடுத்த வாரம் அவர் செய்தது. கான்ட்ரா பிரிவில் ஒவ்வொருவரையும் தனித்தனியாக அரங்கின் உச்சிப்படிக்கு அனுப்பி, மற்றவர்கள் கீழே ஊதுவதைக் கேட்கச் சொன்னார். கீழே நிற்கும்போது எங்களில் ஒருவன்தான் பயங்கரப் பலசாலி, அவன் ஒலியில் மற்றவர்கள் காணாமல் போவோம். மேலே போய்க் கேட்டால் அவன் ஒலி பாதி வழியில் எங்கேயோ உதிர்ந்துவிடுகிறது. கீழே பெரிதாகவே தெரியாத, மெதுவாக உருண்டையாக ஊதும் இன்னொருவன்தான் மேலே வரை வருகிறான். யாரும் எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. இறங்கி வந்த ஒவ்வொருவனும் வேறு மாதிரி ஊதத் தொடங்கினோம், அந்தப் பலசாலி உட்பட.

மார்ச் 9

எங்கள் கான்ட்ரா டெக் எங்கே படித்தார் என்று கேட்டவருக்கு: அவருடைய கல்லூரி ஆசிரியர் ஜேக்கப்ஸிடம் படித்தவர். நான் ஜனவரியில் சொன்ன வழி இதுதான். அவர் புகழ் பெற்றவர்கள் பட்டியல் எதிலும் வர மாட்டார். ஒரு இசையும் எழுதவில்லை. எங்கள் கோர் மூடிய பிறகு ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு பேண்ட் சொல்லிக்கொடுக்கப் போனார், இன்னும் அதையே செய்கிறார். வருடத்துக்கு ஒருமுறை பேசிக்கொள்வோம்.

ஆகஸ்ட் 12

இண்டியானாபொலிஸிலிருந்து வந்து இரண்டு நாள் ஆகிறது. லூகாஸ் ஆயில் அரங்கில் இறுதிப் போட்டி 2009 முதல் நடக்கிறது, மூடிய கூரை, எதிரொலி அதிகம் என்று எல்லாரும் புலம்புவார்கள். எனக்கு அரங்கைவிட வெளியே வாகன நிறுத்தத்தில் நடக்கும் வார்ம் அப்தான் பிடிக்கும், அங்கே ஆசிரியர்களை நேரில் பார்க்கலாம். ஒரு கோரின் ஆர்க் அருகே நின்றேன். ஒரு இளம் டெக், கழுத்தில் ட்யூனர், ஒவ்வொரு வாத்தியத்தின் வாய்க்கு அருகே காதை வைத்து மெதுவாக நடந்துகொண்டிருந்தார். ஒரு பெண்ணிடம் நின்று தன் தோளைத் தொட்டுக் காட்டினார், அவள் தோளை இறக்கினாள். அடுத்தவனிடம் போனார். முன்னால் கேப்ஷன் ஹெட்டைத்தான் முன்னூறு பேர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகஸ்ட் 13

கரோலினா கிரவுன் கோர் பற்றிக் கேட்டீர்களே, ஆமாம், மேட் ஹார்லாஃப் பெயரைச் சொல்லாமல் இந்தத் தலைமுறைப் பித்தளையைப் பேச முடியாது. அவரும் இண்டியானாவில் ஏவன் உயர்நிலைப் பள்ளியில் பேண்ட் ஆசிரியராக இருந்தவர்தான். எழுதியது மைக்கேல் க்ளெஷ். 2013-ல் கிரவுன் சாம்பியன் ஆன நிகழ்ச்சியை இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள். இசையும் அற்புதம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே தாளை வேறு கூட்டத்திடம் கொடுத்தால் என்ன வரும் என்று கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள்.

ஜி பியூகிள் போனது நல்லதா கெட்டதா என்ற சண்டையில் நான் இறங்கவில்லை. அந்த முரட்டு ஒலிக்கு நானும் ஏங்குவேன். ஆனால் பிள்ளைகள் பள்ளியில் ஊதும் அதே வாத்தியத்தை இங்கேயும் ஊதுகிறார்கள், கற்றது இரண்டு பக்கமும் உதவுகிறது. ஆசிரியருக்கு அது பெரிய வசதி.

செப்டம்பர் 21

டிராம்போன் வாசிக்கும் பதினாறு வயது மகனைப் பற்றிக் கேட்ட அப்பாவுக்கு. 2014 முதல் டிராம்போனும் அனுமதி, ஆனால் எல்லா கோரிலும் இடம் அதிகம் இருக்காது, பாரிடோனுக்கோ யூஃபோனியத்துக்கோ மாறத் தயாராக இருக்கச் சொல்லுங்கள். மவுத்பீஸ் ஏறக்குறைய ஒரே அளவுதான், விரல் பழக்கம் மட்டும் புதிது, சில மாதத்தில் வந்துவிடும். பெரும்பாலான கோர்கள் முகாமுக்கு முன்பே காணொளி ஆடிஷன் கேட்கும், நவம்பருக்கு இன்னும் நேரம் இருக்கிறது. கட்டணம் பல ஆயிரம் டாலர், பயணம் தனி, இதை இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள்.

எந்த கோர் என்று முடிவு செய்யும்போது போன வருடம் எத்தனையாவது இடம் என்பதை மட்டும் பார்க்காதீர்கள். முகாம்களுக்கு முதல் தடவை போய்ப் பார்க்கப் பெரும்பாலும் அனுமதி உண்டு. போனால், மேடை ஏறிப் பேசும் கேப்ஷன் ஹெட்டைக் கவனித்தது போதும். மத்தியானம் பிரிவு பிரிவாகப் பிரிந்து போகும்போது லோ பிராஸ் என்கிற கீழ் ஸ்தாயிப் பிரிவின் பின்னாலேயே போய், அவர்களோடு நாள் முழுக்க நிற்கப்போகும் டெக் யார், ஒரு பையன் தப்பாக ஊதினால் அவர் என்ன செய்கிறார் என்று அரை மணி நேரம் பாருங்கள். உங்கள் மகனையும் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கப்புறம் பணத்தைக் கட்டுங்கள்.